அழகான கடல்... ஆனால், கையை வைத்துப் பாருங்கள்!

கடற்கரைக்குப் போனால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையையோ பேண்ட்டையோ கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, நேராக அலையை நோக்கி ஓடுவீர்கள். 'தண்ணீர் எப்படி இருக்கும்?' என்று யோசிக்கவே மாட்டீர்கள். மெரினாவோ திருச்செந்தூரோ, எங்கே போனாலும் நம் கடல் இதமான கடல். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் சூடு குறைவு. அலையைப் பார்த்துப் பயப்படச் சொல்லித் தருகிறோம். தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பயப்பட யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பழக்கத்தோடு வடக்கே உள்ள ஒரு குளிர்க்கடலுக்குப் போனால் என்ன ஆகும்? என் அத்தான் போனார். நானும் கூட இருந்தேன். முப்பது வருடமாக நாடி பிடிக்கிற சித்த மருத்துவன் நான். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

உலகத்தின் ஓரத்தில் ஒரு கடற்கரை

என் அக்கா மகள் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் என்ற ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம், அக்கா, அத்தானோடு நானும் அங்கே போயிருந்தேன். "மாமா, உங்களுக்கு ஒரு பீச் காட்டுறேன். பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று அவள் காரில் ஏற்றிக்கொண்டாள்.

மலையும் ஏரியுமாக மூன்று மணி நேரப் பயணம். பாலத்தைத் தாண்டி ஸ்கை தீவு. அதன் வடகோடியில் யூக் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம் போனால் ஹாரிஸ் தீவின் டார்பெர்ட் ஊர். ஆமாம், ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த ஹாரிஸ்தான்! அந்தத் தீவுகளின் மக்கள் தங்கள் வீட்டிலேயே நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1993-ல் தனிச் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள்.

டார்பெர்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லஸ்கென்டைர். கடைசி மூன்று மைல் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஒதுங்கியவருக்குக் கை தூக்கி நன்றி சொல்லாமல் யாரும் போவதில்லை.

வளைவில் கார் திரும்பியதும் அக்கா "முருகா!" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? அரிசி மாவைக் கொட்டிப் பரப்பியது போல வெண்மணல். தண்ணீரோ, கரையோரம் இளம்பச்சை, அதற்கப்பால் மயில் கழுத்து நீலம். எதிரே டாரன்ஸே என்கிற ஆளில்லாத தீவு. வடக்கே மரமே இல்லாத மொட்டை மலைகள். கரைக்குப் பின்னால் புல்வெளி முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள்.

அந்த மணல் ஏன் அவ்வளவு வெள்ளை தெரியுமா? பெரும்பகுதி சிப்பி, கிளிஞ்சல்தான். எத்தனையோ ஆயிரம் வருடங்களாக அலை அரைத்து அரைத்துக் கொடுத்த சுண்ணாம்பு. அது காற்றில் பறந்து போய் உள்ளே படிகிறது. அங்கே அதன்மேல் வளர்ந்த பூவெளியை உள்ளூர் கேலிக் மொழியில் 'மாக்கர்' என்கிறார்கள். அடியில் இருக்கும் பாறையோ சுமார் 300 கோடி வருடப் பழசு. வெள்ளை மணல் அடியில் இருப்பதால்தான் தண்ணீருக்கு அந்த நிறம்.

இங்கேதான் ஏமாற்று வேலை தொடங்குகிறது. அந்த நிறத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? மாலத்தீவு காலண்டரில்! கண் பார்த்ததும் மனசு முடிவு செய்துவிடும், 'வெதுவெதுன்னு இருக்கும்' என்று. ஆனால் ஜூன் மாதத்தில் அந்தக் கடலின் சூடு 12 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். நம் கடல் சுமார் 28 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உடம்புக்கோ முற்றிலும் வேறு.

"தாமிரபரணியில முங்கின உடம்பு!"

அத்தானுக்கு அப்போது வயது அறுபத்தாறு. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சின்ன வயதில் குறுக்குத்துறையில் வெள்ளத்தில் குதித்து அக்கரை போய் வருவார். நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அக்கா மகள் குழந்தையைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் கிளிஞ்சல் பொறுக்கக் குனிந்திருந்தோம். திரும்பிப் பார்த்தால், அத்தான் சட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று தண்ணீருக்குள் போகிறார்!

"அத்தான், குளிருமே!" என்று கத்தினேன்.

"தாமிரபரணியில முங்கின உடம்பு மாப்ளே!" என்றார். சிரித்துக்கொண்டே ஒரே முங்கு!

மேலே வந்தவரின் முகத்தில் சிரிப்பு இல்லை. வாயைப் பிளந்துகொண்டு 'ஹா... ஹா...' என்று மூச்சு வாங்கினார். கூப்பிட முடியவில்லை. ஒரு சின்ன அலை வாய்க்குள் அடித்தது. இருமினார். கையால் தண்ணீரை அடித்தார். அடிக்க அடிக்கக் கரையை விட்டுத் தள்ளிப் போனார். நெஞ்சளவு தண்ணீர்தான் ஐயா, அதற்கு மேல் ஆழம் இல்லை! ஆனால் கால் ஊன்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். அதற்குள் அக்கா மகள் ஓடி வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தி, "நீங்க இறங்காதீங்க மாமா!" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து ஒரே சத்தம்:

"அப்பா! நீந்தாதீங்க! மல்லாந்து மிதங்க! ஆத்துல மிதப்பீங்களே, அப்படி மிதங்க!"

இரண்டு முறை கத்தினாள். மூன்றாவது முறை அவர் காதில் விழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கையை விரித்து, மல்லாந்தார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு யுகம். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பிறகு தானாகவே கால் ஊன்றினார். நடந்து வந்தார். அந்தப் பழைய ஆற்றுப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் அது நீச்சல் இல்லை, மிதத்தல்!

முதல் நிமிடத்தில் நடப்பது என்ன?

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர் விறைத்துப்போய் மெதுவாக இறப்பார் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். பெரும் ஆபத்து அதற்கு வெகு முன்னாலேயே, முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. இதைக் 'குளிர் அதிர்ச்சி' என்கிறார்கள்.

15 டிகிரிக்குக் குறைந்த தண்ணீர் திடீரென்று தோலில் பட்டால், உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால்? காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போகும். அதைத் தொடர்ந்து மூச்சு வேகமாக வாங்கும், அடக்க முடியாது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயம் படபடவென்று அடிக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோய் உள்ளவருக்கு அந்த நிமிடத்திலேயே விபரீதம் நடக்கலாம்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று படித்திருக்கிறோம். தும்மல், கொட்டாவி, பசி என்று போகும் அந்த வரிசையில் சுவாசமும் ஒன்று. 'நான் திடமானவன், மூச்சை அடக்கிக்கொள்வேன்' என்று யாரும் சவால் விட முடியாது. மனத்திடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வேகம் தானாகவே ஓரிரு நிமிடத்தில் தணிந்துவிடும் என்பதுதான் நல்ல செய்தி. அதுவரை மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும். 1824 முதல் பிரிட்டன் கடலோரங்களில் உயிர் காக்கும் படகுகள் ஓட்டுகிற 'ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன்' அமைப்பு இதைத்தான் அங்கே குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறது. முதலில் மித, மூச்சு அடங்கட்டும், பிறகு உதவிக்குக் கூப்பிடு அல்லது நீந்து.

அடுத்த கண்டம் சுமார் பத்து நிமிடத்தில். கை, கால் தசைகள் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்துகிறவரும் நீந்த முடியாமல் போவது அப்போதுதான். ஏனென்றால் அதே குளிரில் இருக்கும் காற்றைவிடத் தண்ணீர் நம் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடுகிறது.

"மாமா, கையை எடுங்க!"

இனிதான் என் கதை. அத்தான் கரைக்கு வந்து உட்கார்ந்தார். உதடு நீலம். நான் என்ன செய்தேன்? நீங்கள் செய்திருப்பதைத்தான் செய்தேன். பையில் இருந்த தைலத்தை எடுத்தேன். அவர் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன்.

"மாமா, கையை எடுங்க! தேய்க்கக் கூடாது!"

சுருக்கென்றது எனக்கு. இவள் பிறந்தபோது சேனை வைத்தவன் நான். எனக்கே பாடமா? ஆனால் அவள் குரலில் இருந்தது மரியாதைக் குறைவு இல்லை, பதற்றம். கையை எடுத்தேன்.

அன்று இரவு உட்கார வைத்து விளக்கினாள். உடம்பு நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரத்தம் வயிறு, மார்பு, மூளை என்று உள்ளே ஒதுங்கியிருக்கும். கை, காலில் உள்ள ரத்தம் வெகுவாகக் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் கை, காலை அழுத்தித் தேய்த்தாலோ, வெந்நீரில் வைத்தாலோ அந்தக் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மரத்துப்போன தோலும் புண்ணாகும். "அப்பா கொஞ்ச நேரம்தான் தண்ணியில இருந்தாங்க. அதனால பயமில்லை. ஆனா எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது மாமா. அதனால எப்பவுமே தேய்க்கக் கூடாதுங்கறதுதான் முறை."

யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் மழையில் நனைந்து வந்தவருக்குக் காலைத் தேய்த்துவிடுகிறோம், அதில் தவறு இல்லை. நம் வைத்தியம் நம் நிலத்தில் பிறந்தது. நிலத்தை ஐந்தாகவும் பருவத்தை ஆறாகவும் பிரித்து, இடத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி வைத்தியம் செய் என்று அதே சித்த மருத்துவம்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தது? நெய்தல் நிலம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த நெய்தல் வேறு. அதை அறிந்தவள் சொன்னால் கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

அவள் என்ன செய்தாள்? காற்று படாமல் காருக்குள் உட்கார வைத்தாள். ஈரத் துணியை உடனே கழற்றினாள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். உலர்ந்த பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், தலைக்குக் கம்பளிக் குல்லா, காலுக்குக் கம்பளி உறை. அந்த வழியே நாயோடு வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தன் வண்டியிலிருந்து கம்பளி கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு மூடி பிராந்தி இருந்தா நல்லா இருக்கும்" என்று முனகினார் அத்தான். அதற்கும் தடை! பிராந்தி உள்ளே போனால் சூடாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

அப்போது என் பிளாஸ்க் உதவிக்கு வந்தது. காலையில் நான் போட்டு வைத்திருந்த சுக்குமல்லிக் காபி! அத்தான் தெளிவாகப் பேசுகிறார், தண்ணீர் விழுங்க முடிகிறது என்று சோதித்துவிட்டு, "இதைக் கொடுங்க மாமா, கொதிக்கக் கொதிக்க வேண்டாம்" என்றாள். பனைவெல்ல இனிப்பு, இதமான சூடு. என் மானமும் கொஞ்சம் தப்பித்தது!

ஆச்சரியம் என்னவென்றால், வெளியே வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் அத்தானுக்குக் குளிர் அதிகமாக நடுக்கியது. தண்ணீரை விட்டு வந்த பிறகும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். 'வெளியே வந்தாச்சு, இனி என்ன' என்று ஈரத்தோடு நின்று போட்டோ எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுங்குவது நல்லது, உடம்பு சூடு உண்டாக்கப் பாடுபடுகிறது என்று அர்த்தம். குளிரில் இருந்தவருக்கு நடுக்கம் நின்று, நாக்கு குழறி, நடை தள்ளாடி, தூக்கம் தூக்கமாக வந்தால் அதுதான் அபாய மணி! உடனே மருத்துவமனை.

அப்படியானால் போகவே வேண்டாமா?

யார் சொன்னது? மறுநாளும் அங்கேயே போனோம். கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துப் போய், ஈரமணலில் இரண்டு மணி நேரம் நடந்தோம். சாயந்திரம் என்று பெயர், ஆனால் இரவு பத்தரைக்குத்தான் சூரியன் மறைந்தது. அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

கரையோரம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கம்பளி கொடுத்த பெரியவர்தான் அதன் கதையைச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஆட்டுப் பண்ணைக்காக இந்த மேற்குக் கரை மக்களைக் காலி செய்துவிட்டார்களாம். பலர் தீவின் கிழக்குப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அங்கே எல்லாம் பாறை. கடற்பாசியைச் சுமந்துவந்து போட்டு, பாத்தி கட்டி, உருளைக்கிழங்கு வைத்தார்கள். பிணம் புதைக்கப் போதிய மண் இல்லை. அதனால் இறந்தவர்களைத் தோளில் சுமந்துகொண்டு, மலையைத் தாண்டி, இந்த மணற்கரைக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்தப் பாதைக்கு இன்றும் 'சவப்பெட்டிப் பாதை' என்றுதான் பெயர்.

அக்கா வெகு நேரம் அந்தச் சுவர் ஓரமாகவே நின்றாள். "நேத்து நம்மளும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில், பொது இடத்தில் அவர் அவள் கையைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கவனத்தில் வையுங்கள்!

இன்றைக்கு எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க லண்டன், கனடா, நார்வே என்று போகிறீர்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், கங்கோத்ரியிலும் பத்ரிநாத்திலும் ஓடுகிற ஆறும் பனி உருகிய தண்ணீர்தான். எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

* நிறத்தைப் பார்த்து இறங்காதீர்கள். முதலில் கையை வைத்துப் பாருங்கள். விரல் வலித்தால், பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* குதிக்காதீர்கள், முங்காதீர்கள். அங்கே குளித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென உள்ள ரப்பர் உடை போட்டு, விவரம் தெரிந்தவர் துணையோடு, மெல்ல மெல்ல இறங்கி, சில நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

* இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

* 'நல்லெண்ணெய் தடவிக்கிட்டு இறங்கினா குளிராதே டாக்டர்?' என்று கேட்பீர்கள். குளிரும்! எண்ணெய் அந்தக் குளிரைத் தடுக்காது.

* சர்க்கரை நோயாளிகள் அங்கே வெறுங்காலில் நடக்க வேண்டாம். பாதம் மரத்திருந்தால் கிளிஞ்சல் கிழித்ததும் தெரியாது, குளிர் தாக்கியதும் தெரியாது. பிறகு சூடு ஏற்ற வெந்நீர்ப் பை வைத்தால், வெந்துபோவதும் தெரியாது!

* காற்றை அலட்சியம் செய்யாதீர்கள். வெப்பம் 10 டிகிரி என்று இருந்தாலும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு 6 டிகிரி போலத்தான் இருக்கும். வாத உடம்புக்காரர்கள் காது, கழுத்து, முழங்கால் மூன்றையும் மூடிக்கொள்ளுங்கள்.

* கடல் வற்றி ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு நடங்கள். பரந்த மணல்வெளியில் தூரமாகப் போய்விட்டால், ஏறும் தண்ணீர் பின்னால் வழியை மறித்துவிடும்.

* யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 'மல்லாந்து மித' என்று சத்தம் போடுங்கள், மிதக்கிற பொருள் எதையாவது வீசுங்கள். பிரிட்டனில் என்றால் 999-ஐ அழைத்து 'கோஸ்ட் கார்டு' என்று கேளுங்கள்.

* வெளியே வந்தவரைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள், வெந்நீரில் குளிப்பாட்டாதீர்கள். காற்றில்லாத இடம், உலர்ந்த துணி, நல்ல நினைவோடு இருந்தால் இனிப்பான இதமான பானம். இவ்வளவுதான்.

அத்தான் இப்போது திருநெல்வேலியில் நலமாக இருக்கிறார். வீட்டுக் கூடத்தில் அந்தக் கடற்கரைப் படத்தைப் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள், "அடேயப்பா, இதுல குளிக்க எவ்வளவு சுகமா இருக்கும்!" என்பார்கள்.

அத்தான் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார். வந்ததும் சொம்பை அவர்கள் முன்னால் வைத்து, "முதல்ல இதுல கையை வைங்க" என்பார்.